ஏட்டையா வாயைத் திறக்கவில்லை

தலைமைக் காவலர் வேல்ராஜ் நாற்பத்தாறு வயதில் பி.ஏ. படிக்க ஆரம்பித்ததற்கு அறிவுத் தாகம் எதுவும் காரணமில்லை. ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த கான்ஸ்டபிள்களில் ஒருவன் எம்.எஸ்சி., இரண்டு பேர் பி.இ., ஒரு பெண் எம்.ஃபில். வேல்ராஜ் பிளஸ் டூ. எல்லோரும் ‘ஏட்டையா, ஏட்டையா’ என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஒருநாள் அவர் எழுதி வைத்த அறிக்கையில் அந்த எம்.ஃபில். பெண் சத்தம் காட்டாமல் பென்சிலால் ஆறு சந்திப்பிழைகளைத் திருத்தியிருந்தாள். மறுநாளே வேல்ராஜ் தொலைநிலைக் கல்விக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார்.

மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பொது நிர்வாகத்துக்கு நானூறு பக்கப் புத்தகம். பொருளாதாரத்துக்கு முந்நூற்றைம்பது. அறவியல் நூற்றுப் பன்னிரண்டே பக்கம். வேல்ராஜ் அறத்தின் பக்கம் சாய்ந்தது அப்படித்தான்.

புத்தகம்தான் மெலிதே தவிர, உள்ளே இருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. என்ன வந்தாலும் கடமை கடமைதான், பொய் என்றால் எப்போதுமே பொய்தான் என்றது ஒரு கட்சி. அதெப்படி, செய்கிற காரியத்தால் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீமை என்று பார்த்துத்தான் சரி தப்பைச் சொல்ல முடியும் என்றது இன்னொன்று. இரண்டையும் விடுங்கள், நல்ல குணத்தைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் நல்ல காரியம் தானே வரும் என்றது மூன்றாவது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் முந்தைய பாடத்துக்காரரை இவர் கவிழ்த்துவிடுவார். அடுத்த பாடத்தில் இவர் கவிழ்வார். வேல்ராஜுக்கு எல்லாமே புதிதாக இருந்தது. இருபத்துநான்கு வருட சர்வீஸில் எது சரி எது தப்பு என்பதை அவருக்கு இன்ஸ்பெக்டர்கள்தான் சொல்லி வந்தார்கள்.

படிக்கப் படிக்க மனுஷனுக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது. ஒருநாள் அவர் மனைவி ஆனந்தவள்ளி கண்ணாடி முன்னால் நின்று, “இந்தச் சேல எனக்கு நல்லாருக்கா?” என்று கேட்டாள்.

“உண்மையச் சொல்லணுமா, ஒனக்குச் சந்தோஷம் தாறதச் சொல்லணுமா? ரெண்டுக்கும் தனித்தனிக் கொள்கை இருக்கு.”

“அந்தக் கொள்கைய வச்சே இன்னைக்கு ராத்திரிச் சோத்தையும் நீங்களே பொங்கித் தின்னுங்க” என்று சொல்லிவிட்டு அவள் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அளவில் நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் ஒருவருடைய வயிற்றோடு போயிருக்கும்.

ஆடி மாதம் குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தபோது வேல்ராஜுக்கு மெயினருவியில் பந்தோபஸ்து போட்டார்கள். ஆண்கள் வரிசையின் தலைமாட்டில் ரெயின்கோட்டோடு நின்றுகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு மேல் அருவிக்குள்ளேயே குடியிருக்கப் பார்க்கிறவர்களை விசில் அடித்து வெளியேற்ற வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. சாரல் விடவில்லை. வரிசை கடைவீதிவரை போயிருந்தது.

தலையைத் துவட்டியபடியே ஒரு பெரியவர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், நீங்க வேல்ராஜ் ஏட்டையாதான?”

“ஆமா. வரிசையில வாங்க.”

“நான் குளிச்சிட்டேன் சார். ராயகிரியில இருந்து வாறேன், பேரு நல்லகண்ணு. அந்தா நிக்குறது என் வீட்டுக்காரி மாடத்தி. எங்க மக கோமதிக்கு ஒங்க பக்கத்து வீட்டு முத்துவடிவு மகன் உமாசங்கரப் பேசியிருக்கு. ஜாதகம் பொருந்தியிருக்கு. வர்ற வெள்ளிக்கெழம பூ வைக்கலாம்னு இருக்கோம். நீங்க இன்னைக்கி இங்கனதான் டூட்டில நிக்கீகன்னு சொன்னாங்க. பக்கத்து வீடு, அதுலயும் போலீசு. ஒங்களுக்குத் தெரியாம என்ன இருக்கப்போவுது? பையன் எப்படி சார்?”

வேறு யாராக இருந்தாலும், “தங்கமான பையன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதியிருப்பார்கள். அது உண்மையும்கூட. உமாசங்கரை அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே வேல்ராஜுக்குத் தெரியும். வேளாண்மை அலுவலகத்தில் வேலை. சிகரெட் கிடையாது. ஆனந்தவள்ளிக்கு டெங்கு வந்து கிடந்தபோது வேல்ராஜ் மதுரையில் பந்தோபஸ்தில் இருக்க, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் கூடவே இருந்தவன் அவன்தான்.

ஆனால் அன்று காலை பஸ்ஸில் வரும்போது வேல்ராஜ் கடமைக் கட்சிக்காரரின் பாடத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார். ‘தான் முழுமையாக அறியாத ஒன்றுக்குச் சாட்சி சொல்வதும் பொய்யே’ என்ற வரிக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு வேறு போட்டிருந்தார். உமாசங்கரை முழுமையாக அறிவோமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். அப்போதுதான் அது ஞாபகம் வந்து தொலைத்தது. போன வருஷம் பங்குனியில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாகனச் சோதனையில் நிற்கும்போது, ஒரே பைக்கில் மூன்று பேர், மூவர் தலையிலும் ஹெல்மெட் இல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதில் ஒருவன் உமாசங்கர். அவனைப் பார்த்ததும், “போ, போ” என்று கையைக் காட்டி அனுப்பியவர் வேல்ராஜேதான்.

ஒரு குறையும் இல்லாத பையன் என்று சொன்னால் பொய். இதைச் சொன்னால், ‘அப்புறம் என்ன செய்தீர்கள்’ என்று கேள்வி வரும். வேல்ராஜ் நிமிர்ந்து நின்றார். ரெயின்கோட்டுத் தொப்பியிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டியது.

“அண்ணாச்சி, அந்தப் பையனப் பத்தி நான் ஒண்ணும் சொல்லுததுக்கில்ல. சொன்னா அது சரியா இருக்காது.”

நல்லகண்ணுவின் முகம் வெளுத்தது. அருவித் தண்ணீரின் குளிர் என்று வேல்ராஜ் நினைத்துக்கொண்டார். அவருக்கு அப்போது பெருமிதம் தாங்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை, புறணியும் பேசவில்லை, யாருக்கும் கெடுதலும் இல்லை. மூன்று கட்சிக்காரர்களையும் ஒரே வாக்கியத்தில் திருப்திப்படுத்தியாகிவிட்டது. இதைப் பாடப் புத்தகம் எழுதியவர் பார்த்திருந்தால் அடுத்த பதிப்பில் சேர்த்திருப்பார் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அந்த உற்சாகத்தில் விசிலைக் கொஞ்சம் பலமாகவே ஊதினார்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் காபி கொடுக்கும்போது ஆனந்தவள்ளி கேட்டாள்: “ஏங்க, உமாசங்கர் மேல ஏதோ கேஸ் இருக்காமே, நீங்க சொல்லவே இல்ல?”

“கேஸா? யாரு சொன்னா?”

“தெரு பூரா சொல்லுதாவ. பூ வைக்க வாறதா இருந்த ராயகிரிக்காரங்க வரல. ஜாதகத்துல என்னமோ சரியில்லைன்னு சொல்லிட்டாவளாம். ஆனா தரகரு சொல்லுதாரு, அருவிக்கரையில ஒரு போலீஸ்காரரு பையன் பேரக் கேட்டதும் வாயையே தொறக்கலையாம். அது யாருன்னு ராயகிரிக்காரங்க பேரச் சொல்லலையாம். கஞ்சா கேஸுன்னு சிலபேரு சொல்லுதாவ. செங்கோட்டைக்கு அந்தப்பக்கம் ஒரு மலையாளத்துப் பிள்ளையோட சம்பந்தம்னு சிலபேரு சொல்லுதாவ.”

வேல்ராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குள் வாசலில் முத்துவடிவின் குரல் கேட்டது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்து ஆளாக்கிய மனுஷி. அவள் கண் கலங்கி வேல்ராஜ் அன்றுவரை பார்த்ததில்லை.

“ஏட்டையா, எம் மகன் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டானே ஒரு பாவி! யாரோ போலீஸ்காரனாம். ஒங்க டிப்பார்ட்மெண்டுதான. நீங்கதான் அவன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?”

உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்று பத்து நாளைக்கு முன்னால் அருவியடியில் நிமிர்ந்து நின்ற அதே வாய்தான் இப்போது சொன்னது: “அழாதீய மதினி. நான் விசாரிக்கேன்.”

முத்துவடிவு போனதும் ஆனந்தவள்ளி கதவைச் சாத்தினாள்.

“யாரு அது?”

“எது?”

“இருபது வருசமா இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கேன். யாரு அந்தப் போலீஸ்காரன்?”

வேல்ராஜ் சொன்னார். கோட்பாடுகளோடு சேர்த்துத்தான் சொன்னார். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“சொல்லுததுக்கில்லன்னு ஒரு வாத்தியாரு சொன்னா, அவருக்குத் தெரியாதுன்னு அர்த்தம். ஒரு போலீஸ்காரன் சொன்னா ஊருல அதுக்கு என்ன அர்த்தம்னு ஒங்க புத்தகத்துல போடலையா?”

போடவில்லை. வேல்ராஜ் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு வாரம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தினமும் காலையில் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து முத்துவடிவு கேட்பாள்: “துப்பு கெடச்சிதா ஏட்டையா?”

“ரெண்டு பேரு மேல சந்தேகம் இருக்கு மதினி. பாத்துக்கிட்டிருக்கேன்.”

இரண்டு பேர் என்று ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த இரண்டாவது ஆள் யார் என்று அன்று முழுக்க யோசித்தார். விசாரணைக்காக அலைகிறாரே என்ற கரிசனத்தில் முத்துவடிவு ஒருநாள் நெத்திலிக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அடுத்த நாள் தேங்காய்ப்பால் சொதி. அதற்கடுத்து உளுந்தங்கஞ்சி. எல்லாமே ருசியாக இருந்ததுதான் கொடுமை. ஆனந்தவள்ளி ஒரு கரண்டிகூடத் தொடவில்லை. “பாவத்தச் சாப்பிடுத ஆளு நீங்க. நீங்களே சாப்பிடுங்க” என்று பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

இரண்டாவது கட்சிக்காரர் சொன்னபடி நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்கலாமென்று ஒரு நோட்டில் எழுதியும் பார்த்தார். ஒப்புக்கொண்டால் முத்துவடிவுக்கு வேதனை, தெருவில் ஆனந்தவள்ளிக்குத் தலைகுனிவு, காவல்துறைக்கே அவமானம். ஒப்புக்கொள்ளாவிட்டால் உமாசங்கருக்குக் கல்யாணம் நடக்காது. ஆக மூன்றுக்கு ஒன்று. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவருக்கே கூச்சமாகிவிட்டது. திருட்டு வழக்கில் பிடிபட்ட எத்தனையோ பேரிடம் அவர் வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறார். இவ்வளவு மோசமாக எவனும் சமாளித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் பந்தோபஸ்து முடிந்ததும் நேராக ராயகிரிக்குப் பைக்கை விட்டார். வீட்டுக்குப் போய் உடுப்பை மாற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும் என்ற பயம். ஆகவே காக்கிச் சட்டையோடேயே, கடையநல்லூர், புளியங்குடி தாண்டி, ஐம்பது கிலோமீட்டர் வெயிலில் போய், நல்லகண்ணு வீட்டு வாசலில் இறங்கினார்.

அது இரண்டாவது தப்பு என்பது வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டீக்கடை பெஞ்சு காலியானது. “நல்லகண்ணு வீட்டுக்கு போலீசு வந்திருக்குடோய்” என்று யாரோ கத்துவது கேட்டது.

மாடத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “எங்க வீட்டு வாசல்ல போலீசு மிதிச்சதே கெடையாதே!”

நல்லகண்ணு உட்காரச் சொல்லவில்லை. “என்ன சார், பையன் வீட்டுல அனுப்பி வச்சாங்களா? பொண்ணு தரலைன்னா போலீச அனுப்புவாங்களோ?”

“இல்ல அண்ணாச்சி. அந்தப் பையன் மேல ஒண்ணுமே இல்ல. கேஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நல்ல பையன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“அன்னைக்கி கேட்டதுக்கு வாயத் தொறக்கல. இன்னைக்கி ஊரு தாண்டி வந்து நல்ல பையன்னு சொல்லுதீக. நடுவுல என்ன நடந்துச்சு?”

உள்ளறைக் கதவருகே கோமதி நின்றிருந்தாள். ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். அவள் முன்னால் வந்தாள்.

“அப்பா, கொஞ்சம் இருங்க. சார், நான் ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கி ஏன் சொல்லல?”

வேல்ராஜ் தொண்டையைச் செருமினார். “அதாவதும்மா, அறவியல்ல மூணு கோட்பாடு இருக்கு. மொதக் கோட்பாடு என்ன சொல்லுதுன்னா...”

“அதெல்லாம் அப்புறம் படிச்சிக்கிடுதேன் சார். அவர் மேல எந்தக் கேஸும் இல்லைன்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?”

“தெரியும்.”

“பெறவு ஏன் இல்லைன்னு சொல்லல?”

இந்த மாதிரிக் கேள்வியை வேல்ராஜ் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறார். பதில் சொல்லும் பக்கத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை.

“போன பங்குனியில ஒரே வண்டியில மூணு பேரு வந்தாங்கம்மா. ஒருத்தன் தலையிலயும் ஹெல்மெட் இல்ல. அதுல அவனும் ஒருத்தன். தெரிஞ்ச பையன்னு நான் புடிக்காம விட்டுட்டேன். ஒங்கப்பா கேக்கும்போது அதுதான் ஞாபகம் வந்துச்சி. அதச் சொன்னா, விட்டது நான்தான்னு வெளிய வந்துரும். அதான்... சொல்லல.”

வழி நெடுக, தான் உண்மையை அளவுக்கு மீறி மதித்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்றே அவர் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். மனசின் ஒரு மூலையில் அதில் ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது தன் வாயாலேயே கேட்கும்போது, அது வெறும் பயம் என்பது அவருக்குப் புரிந்தது. சிவப்புப் பேனாவால் கோடு போட்டதெல்லாம் அதற்குப் பிறகு போர்த்திய போர்வை.

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக் கூட்டத்திலிருந்து ஒருவர் ‘களுக்’கென்று சிரித்தார்.

“அந்த மூணு பேருல அவர் எங்க உக்காந்திருந்தார்?” என்று கேட்டாள் கோமதி.

“நடுவுல.”

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

நல்லகண்ணு மட்டும் இறங்கி வரவில்லை. “இதையும் எப்படி நம்புறது? ஏதாவது வாங்கிக்கிட்டுப் பேசுதாரோ என்னமோ.”

“அப்பா, பொய் சொல்லுதவர் தனக்குச் சாதகமாத்தான் சொல்லுவாரு. இப்படித் தெரு பூரா வேடிக்க பாக்க, தன்னையே கேவலப்படுத்திக்கிட்டு யாராவது பொய் சொல்லுவாங்களா? அதுவும் ஐம்பது கிலோமீட்டர் வந்து?” அவள் வேல்ராஜைப் பார்த்தாள். “மத்தத நான் அவருகிட்டயே பேசிக்கிடுதேன் சார். நம்பர் இருந்தா குடுங்க. இம்புட்டு நாளும் எல்லாரும் எல்லார்கிட்டயும் கேட்டாங்க. எங்க ரெண்டு பேர் கிட்டயும் யாரும் எதுவும் கேக்கல.”

இருபது வயது குறைந்த பெண் நின்ற நிலையில் நான்கு வாக்கியத்தில் தீர்த்துவிட்டாள். இவர் இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். வேல்ராஜ் நம்பரைக் கொடுத்தார். மாடத்தி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

அன்று சாயங்காலமே முத்துவடிவு வீட்டுப் படியேறினார். அதற்கு மட்டும் வீட்டுக்குப் போய் வேட்டி சட்டைக்கு மாறிக்கொண்டார். ஆனந்தவள்ளி துணைக்கு வர மறுத்துவிட்டாள்.

“மதினி, துப்பு கெடச்சிட்டு.”

“யாரு ஏட்டையா அந்தப் பாவி?”

“நான்தான்.”

“கண்டுபிடிச்சது நீங்கதாம்னு தெரியுது. ஒங்களத் தவிர யாரு இவ்வளவு அலைவா? ஆளு யாருன்னு சொல்லுங்க.”

“ஆளும் நான்தான் மதினி.”

முத்துவடிவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றெல்லாம் வேல்ராஜ் எதிர்பார்த்துப் போயிருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. மெதுவான குரலில், “எங்க வீட்டுத் தூக்குச்சட்டி மூணு ஒங்க வீட்டுல கெடக்கு. குடுத்துருங்க” என்று மட்டும் சொன்னாள்.

வேல்ராஜ் மூன்று தூக்குச்சட்டிகளையும் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வந்தார்.

உமாசங்கர் அவரைத் தெருமுனையில் பிடித்தான். அடிக்க வருகிறான் என்றுதான் வேல்ராஜ் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்வதென்றும் முடிவு செய்திருந்தார்.

“எல்லாஞ் சரி அண்ணாச்சி. நடுவுல உக்காந்திருந்தத எதுக்குச் சொன்னீய? அந்தப் பிள்ள போன் பண்ணதும் மொத வார்த்தையே அதத்தான் கேட்டுச்சி.”

அந்த முதல் வார்த்தைக்குப் பிறகு அவர்கள் இரண்டு மாதம் பேசினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ராஜபாளையம் வேலையை விடமாட்டேன் என்று அவள் சொன்னதில் ஒரு சண்டை வந்து, கொஞ்ச நாள் பேச்சு நின்று, மறுபடி தொடர்ந்தது. நல்லகண்ணு ஐப்பசியில்தான் மனமிறங்கினார். தை மாதம் முகூர்த்தம் குறித்தார்கள்.

இதற்கிடையில் மார்கழியில் வேல்ராஜுக்குப் பரீட்சை வந்தது. அன்றாட வாழ்விலிருந்து ஓர் அறச்சிக்கலை எடுத்துக்காட்டி விவாதிக்கச் சொல்லி ஒரு கேள்வி இருந்தது. ‘அரசு ஊழியர் ஒருவர்’ என்று பெயர் போடாமல் முழுக்கதையையும் ஏழு பக்கம் எழுதினார். அந்த ஊழியர் செய்தது மூன்று கோட்பாடுகளின்படியும் தப்பு என்று முடித்தார். நாற்பத்தொரு மதிப்பெண்ணில் தேறினார். திருத்தியவர் அந்த ஊழியரைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்ற கவலை அவருக்குச் சில நாள் இருந்தது.

முத்துவடிவு அவரோடு பேசவில்லை. பத்திரிகை வைக்க வந்தபோதும் ஆனந்தவள்ளியின் கையில்தான் கொடுத்தாள். “நீ வந்துரு தாயி. கூட வாறவங்களையும் கூட்டிட்டு வா” என்றாள். ‘கூட வாறவங்க’ அந்தச் சமயத்தில் அதே அறையில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்தன்று வேல்ராஜ் மண்டபத்தின் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் நன்றாக இருந்தார்கள். நல்லகண்ணு வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். பாயசத்தோடு வந்த முத்துவடிவு ஆனந்தவள்ளியின் இலையில் இரண்டு கரண்டி விட்டாள். அடுத்த இலைக்கு வந்ததும் கரண்டி ஒரு விநாடி நின்றது. அரைக் கரண்டி விட்டுவிட்டு நகர்ந்தாள். வேல்ராஜ் அதை வழித்துச் சாப்பிட்டார்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒருநாள் காலையில் வேல்ராஜ் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

“ஏட்டையா! ஏ, ஏட்டையா! காது அடைச்சிப்போச்சா? மோட்டாரப் போட்டுட்டு எங்கன போய்த் தொலைஞ்சீய? டேங்க் ரொம்பி எங்க முத்தம் பூரா தண்ணி!”

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே முத்துவடிவின் தலை தெரிந்தது. கையில் விளக்குமாறு. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து ‘ஏட்டையா’ வருகிறது. வேல்ராஜ் சவரக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலருகே நின்றார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கீய? நிறுத்துங்க மோட்டார!”

“இந்தா மதினி, இந்தா” என்று சொல்லிக்கொண்டு, ஒரு பக்கம் நுரையோடு, சுவிட்சைத் தேடி ஓடினார்.